இருபத்து நாலாவது கையெழுத்து

நீதான் முதலில் போட்டாய். போட்டுவிட்டு, மறுநாள் காலையில் எங்களோடு எங்களாக நின்றுகொண்டு, "அட, கதவு எங்கீங்க போச்சு?" என்று வாயைப் பிளந்தாயே, அந்த வாயைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். உன் பேர் எனக்குத் தெரியாது. நீ ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. எனக்கு மூத்தவராகவே இருந்தாலும் சரி, இன்றைக்கு உனக்கு மரியாதை கிடையாது, 'நீ'தான்.

என்னைக் கதவுக்காரன் என்பார்கள். அம்மா வைத்த பேர் சாத்தையா. முதுகுளத்தூர்ப் பக்கம் மழை இல்லாத ஒரு வருசம், பதினாலு வயதில் இங்கே வந்து இறங்கி, இடிக்கிற வீடுகளில் கல் பொறுக்கி, அடி வாங்கி, திருப்பி அடித்து, ஏமாந்து, ஏமாற்றக் கற்று, இன்றைக்கு இந்த ஊரில் எந்த வீடு இடிந்தாலும் அதன் கதவும் நிலையும் ஜன்னலும் என் கையைத் தாண்டித்தான் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும் என்கிற அளவுக்கு நிற்கிறேன். என்னையும் ஒரு காலத்தில் இந்த லைன் வீட்டுக்காரர்கள் பஞ்சம் பிழைக்க வந்தவன் என்றார்கள், குழாயடியில் கடைசியாக நிறுத்தினார்கள். நான் யாரிடமும் அழவில்லை, சண்டை போட்டுக் குழாய்ச் சாவியையே என் கைக்கு வாங்கிக்கொண்டேன். இரக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட நானும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன், அதற்காகச் சொல்கிறேன்.

பழைய மில் காலனி ஆறாவது லைனில் இருபத்து நாலு வீடு. அதில் ஒன்பதாம் நம்பருக்கு, ஒரிசாவிலிருந்து வந்த கோபர்த்தனும் அவன் பெண்டாட்டி குந்தளாவும் மூன்று வயது மகள் ஜிலியும் குடிவந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவன் சாயப்பட்டறையில் இரவு ஷிப்ட். அவள் வீட்டில் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமையானால் அவர்கள் ஊர்ப் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து, வாசலில் செருப்பைக் குவித்துப் போட்டுவிட்டு, உள்ளே மீன் வறுத்துத் தின்றுவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம். ஆனால் எங்கள் லைன் முனைப் பேக்கரியில் டீ ஆறுகிறதற்குள் அது இருபது குற்றமாகிவிடும்.

"அந்தக் கடுகெண்ணெ வாசம் எனக்குக் கொமட்டுதுங், அவ்வளவுதான், வேற பகை ஒண்ணுமில்லீங்" என்பாள் மில்லில் நூற்புப் பிரிவில் இருந்து ஓய்ந்த அங்காத்தாள்.

"வாசம் கெடக்குது அம்மிணி. பாதிக் கூலிக்கு வந்து நிக்கறானுங்களே, நம்ம பசங்க பொழப்பு என்னாகறது?" என்பார் பொங்கியண்ணன். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதன் வார்டு ஆள் அவர்தான்.

"நம்ம பசங்க எங்கீங்க ஷிப்டுக்கு வர்றானுங்க? கூப்பிட்டா போன எடுக்கறதில்ல" என்று பேக்கரிக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

"உங்க மவன் சார்ஜாவுல ஒரே ரூம்புல எட்டுப் பேரோட படுத்துக்கிடக்கறானே, அங்க அவங்க ஊர்க்காரன் என்ன பேசுவான்?" என்று நான் ஒருநாள் கேட்டேன், கேட்க வேண்டும் என்பதற்காக இல்லை, பொங்கியண்ணனைச் சீண்டுவதற்காக.

"அது வேற சாத்தையா."

"என்ன வேற?"

"அவன் நம்ம ஆளு."

 நான் சிரித்துக்கொண்டே வடையைப் பிய்த்தேன்.

தாள் எழுதுவது என்று ஒரு மாலையில் முடிவாயிற்று. இந்தக் காலனியில் தாள் எழுதுவதற்கு ஒரு முறை உண்டு, வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மில் ஓடிய காலத்தில் கூலி உயர்வு கேட்டு மனு கொடுத்தால், நிர்வாகம் மனுவைப் படிக்காது, முதல் கையெழுத்து யாருடையது என்று மட்டும் பார்த்து அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடும். அதனால் தாளின் நடுவில் ஒரு சோற்றுத் தட்டைக் கவிழ்த்து, அதைச் சுற்றிக் கோடு இழுத்து, அந்த வட்டத்தைச் சுற்றி எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். தலை எது வால் எது என்று தெரியாது, ஒருத்தனைத் தூக்க வேண்டுமானால் எல்லாரையும் தூக்க வேண்டும். அந்த வட்டம் எத்தனையோ வீட்டு உலையைக் காப்பாற்றியது. மில் மூடிப் பதினெட்டு வருசமாயிற்று, வட்டம் மட்டும் நின்றுபோகவில்லை. தெருவிளக்கு வேண்டுமா, சாக்கடை அடைப்பா, அங்காத்தாளின் தட்டு வெளியே வரும். அன்றைக்கும் வந்தது. பேக்கரி மேஜையில் தாளையும் பேனாவையும் வைத்துவிட்டு, அவரவர் டீ குடிக்கிற சாக்கில் போய்ப் போட்டோம். கூலி கேட்டவனை மறைக்க வந்த வட்டத்துக்குள், கூலிக்கு வந்தவளை விரட்டுகிறவர்கள் போய் ஒளிந்துகொண்டோம்.

"ஒன்பதாம் நம்பர் வீட்டில் வெளியாட்களின் வரத்துப்போக்கு இத்தோடு நிற்க வேண்டும், இது ஊரார் தீர்மானம்" என்று எழுதியிருந்தது. மைதாப் பசை தடவி அவர்கள் வீட்டுக் கதவில் ஒட்டினோம். கோபர்த்தன் ஷிப்டுக்குப் போயிருந்தான். குந்தளா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, தண்ணீர் வரி நோட்டீஸ் என்று நினைத்து, "சரி அண்ணா" என்று தலையாட்டினாள்.

காலையில் கதவு இல்லை. நிலையும் இல்லை, படியும் இல்லை. இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே சுவர், சுண்ணாம்பு அடித்து நாலு வருசமானதுபோல் பாசி படிந்த பழைய சுவர், அதன் நடுவில் எங்கள் தாள் மட்டும் ஒரு சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தது. பக்கவாட்டில் இருந்த ஒன்றரை முழ ஜன்னலில் குந்தளாவின் முகம் தெரிந்தது. ஷிப்ட் முடிந்து வந்த கோபர்த்தன், தன் வீட்டைத் தாண்டிப் போய்விட்டோமோ என்று லைன் கடைசிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தான்.

யாரும் அலறவில்லை. அங்காத்தாள் நேராக என் கடைக்கு வந்து, "ஏன் சாத்தையா, பழைய கதவுன்னாலும் ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கழட்டறதில்லையா?" என்றாள்.

"நான் கதவக் கழட்டுனா, சுவத்தக் கட்டிப் பூசி, பாசி பிடிக்கிறவரைக்கும் காத்திருந்துட்டா வருவேன்?" என்று கத்தினேன்.

அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

நானே என் செலவில் மூன்று கதவு கொண்டுபோனேன், ஒன்று தேக்கு, ஒன்று வேம்பு, ஒன்று இரும்பு. சுவரோடு நிலையை நிறுத்தி முளையடித்துத் திறந்தால், திறக்கத்தான் திறந்தது, உள்ளே சுவர் இருந்தது. ஜன்னல் கம்பியை அறுத்துப் பார்த்தேன். கம்பி வந்தது, வந்த கையோடு ஜன்னலும் இரண்டு பக்கமும் சாண் சாணாகக் குறுகி, ஒரு குழந்தை மட்டும் நுழைகிற அளவுக்கு நின்றது. பிள்ளையையாவது கொடு என்று கோபர்த்தன் அவர்கள் பாஷையில் கேட்டான், அவள் முடியாது என்று பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். போலீஸ்காரர் ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, "யார் மேலய்யா கேஸ் எழுதறது, சுவர் மேலயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வீட்டுக் கணக்கு எடுக்கிற அம்மா வந்து கதவு எண் கேட்டாள். கதவே இல்லை என்றோம். நோட்டைப் புரட்டிப் பார்த்தாள், கதவில்லாத வீட்டுக்கு அதில் கட்டம் இல்லை, 'பூட்டிய வீடு' என்று குறித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து ஜிலி அவளுக்கு டாட்டா காட்டியது. அவளும் காட்டினாள்.

ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பால்காரர் ஜன்னலில் பாக்கெட்டை வைத்தார், பனியன் கம்பெனி ஆள் ஜன்னல் வழியாகத் துணிக்கட்டைக் கொடுத்துப் பிசிறு வெட்டினதை வாங்கிக்கொண்டான், தெருப் பெண்கள் குழாயடியில் ஒரு ஆள் குறைந்ததில் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். "பாத்தீங்ளா, இப்ப எத்தனை அமைதியா இருக்குது" என்றார் பொங்கியண்ணன்.

எட்டாம் நாள் கோபர்த்தன் கடப்பாரை எடுத்தான். முதல் அடியில் ஒரு செங்கல் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதையும் பெயர்த்தான், அதன் பின்னால் இன்னொன்று. மத்தியானம்வரை அடித்து நாற்பது ஐம்பது கல் குவிந்தும் சுவரில் ஒரு உள்ளங்கை ஆழம்கூட விழவில்லை. அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது பொங்கியண்ணன் ஒரு கல்லை எடுத்து இன்னொரு கல்லால் தட்டினார். வெண்கலம் மாதிரி சத்தம் வந்தது. அந்தக் காலத்துச் சூளைக் கல், சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு, இப்போது எங்கே தேடினாலும் கிடைக்காது.

"கெடக்கறது கெடக்கட்டும், என்ர காம்பவுண்டுக்குப் பத்துக் கல்லு ஆவும்" என்று தூக்கிக்கொண்டு போனார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. மறுநாள் நாலு வீட்டார் சுத்தியலோடு வந்தார்கள், அதற்கு மறுநாள் பத்து வீட்டார், பிறகு எல்லாருமே வந்தார்கள், ஷிப்டுக்குப் போகும்முன் ஒரு கை, வந்தபின் ஒரு கை என்று அடித்தார்கள், அடிக்க அடிக்கக் கல் வந்தது, ஆறாவது லைனில் கக்கூஸ் இல்லாதவன் கக்கூஸ் கட்டினான், மாடிப்படி இல்லாதவன் படி கட்டினான், பக்கத்து வீட்டோடு முப்பது வருசம் ஒரே முற்றத்தில் புழங்கியவர்கள் நடுவில் ஆளுயரச் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். மிச்சத்தை ஐந்தாவது லைன் கேட்டது, பிறகு ஊரே கேட்டது. விலை பேச ஒரு ஆள் வேண்டுமல்லவா. பேசினேன். வாயால் பிழைத்தவன் நான், லோடு லோடாகப் பேசி அனுப்பினேன், வாங்க வந்தவன் "கல்லு எங்கிருந்து வருது?" என்று கேட்டால், "வீடு இடிக்கிறோம்" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

குந்தளா ஜன்னலில் நின்று ஒவ்வொரு காலையிலும் ஒரே விஷயத்தைச் சொன்னாள். அவள் கற்றிருந்த தமிழ் கொஞ்சம்தான்.

"அண்ணா, சுவர் உள்ளே வருது."

வெளியே பெயர்த்த ஒவ்வொரு கல்லுக்கும் பதிலாக உள்பக்கம் ஒரு கல் முளைத்துக்கொண்டிருந்தது. சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நேற்று ஐந்து சாண், இன்றைக்கு மூன்று என்று விரலை விரித்துக் காட்டினாள். கட்டிலை நிமிர்த்தி வைத்தாள். பிறகு கட்டிலை உடைத்தாள். அடுப்பை ஜன்னல் வழியாக வெளியே கொடுத்தாள். பேக்கரியில் இதைப் பற்றியும் பேச்சு வந்தது.

"அவிங்க எல்லாத்தையும் கூட்டித்தான் சொல்லுவாங்க" என்றாள் அங்காத்தாள்.

"பத்துப் பேரு ஒரு ரூம்புல படுத்து எந்திரிக்கற ஆளுகதானுங்களே, எடம் பத்தாதுங்கறதெல்லாம் அவிங்களுக்குத் தெரியுமா என்ன" என்றார் பொங்கியண்ணன், சார்ஜாவில் மகன் இருக்கிற பொங்கியண்ணன்.

கோபர்த்தன் கடப்பாரையைக் கீழே போட்டான். ஒவ்வொருவர் காலாகத் தொட்டு, அடிக்காதீங்க என்றான். "நீ நிறுத்துனா நிறுத்திக்க தம்பி, செவுரு என்ன உங்கொப்பன் ஊட்டுச் சொத்தா? நீயே வெளியூரு" என்றார்கள். அவன் போய்ச் சுவரோடு முதுகை ஒட்டிக் கையை விரித்து நின்றான். அவன் கைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அடித்தார்கள். குறி தவறாமல் அடித்தார்கள், அவன் மேல் ஒரு கீறல் விழவில்லை, அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார்கள். அன்றைக்கு லோடு ஏற்றுகிற அவசரத்தில் நான், "சீக்கிரம், சீக்கிரம்" என்றுதான் சொன்னேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒரு மத்தியானம் அவள் என்னை மட்டும் கூப்பிட்டாள். கோபர்த்தன் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு வரிசையில் நின்றிருந்தான். லைனில் எல்லாரும் ஷிப்டில். ஜன்னல் இன்னும் சுருங்கியிருந்தது. ஜிலியைத் தூக்கி இரண்டு காலையும் வெளியே நீட்டி வைத்திருந்தாள். வெய்யிலில் அந்தக் காலில் போட்டிருந்த வெள்ளிக் கொலுசு சுட்டது.

"பிடிங்க அண்ணா."

பிடித்தேன். இழுத்தால் வரவில்லை. உள்ளேயிருந்து அவள் விடவில்லை.

"விடு தாயி, பிள்ளைக்கு வலிக்கும்."

"காகிதத்தில உங்க பேர் இருக்கா?"

"இருபத்து மூணு வீட்டுப் பேரும் இருக்கு."

"உங்க பேர்?"

இருக்கிறது என்றேன். அதைக் கோடு போட்டு அடியுங்கள் என்றாள். ஒரு பேரை அடித்தால் வட்டம் உடைந்துவிடும், நான் இந்தத் தெருவில் இருந்தாக வேண்டும், பிள்ளைக்குச் சோறு போடுகிறேன், துணி எடுக்கிறேன், என் பெண்டாட்டி பஞ்சவர்ணம் தன் பிள்ளை மாதிரிப் பார்ப்பாள் என்று என் வியாபார வாயையெல்லாம் விரித்தேன்.  நான் இந்தப் பக்கம் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டும் அவள் அந்தப் பக்கம் தோளைப் பிடித்துக்கொண்டும் நின்றோம். பிள்ளை அழவில்லை, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. முப்பத்தைந்து வருசத்தில் எத்தனையோ பேரிடம் பேரம் பேசியிருக்கிறேன், கையில் ஒன்றுமே இல்லாமல் என்னிடம் ஜெயித்தவள் அவள் ஒருத்திதான். சத்தியம் பண்ணினேன். விட்டாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே போய்ச் சட்டைப்பை பேனாவை எடுத்து, வட்டத்தில் என் பேரை அடித்தேன்.

தாளுக்குக் கீழே சுவரில் ஒரு கீல் முளைத்தது. துருப்பிடித்த, பழைய, அந்த வீட்டுக் கதவின் கீல். கதவு பார்த்தே வளர்ந்தவன் எனக்குத் தெரியாதா.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் ஊருக்குத் தெரியும். வீடு வீடாகப் போனேன். கெஞ்ச வேண்டிய இடத்தில் கெஞ்சவில்லை, எனக்குக் கெஞ்ச வராது, மிரட்டினேன். குழாய்ச் சாவி என்னிடம்தான் இருக்கிறது என்று நினைவுபடுத்தினேன். எடுத்த கல்லை யாரிடமும் திருப்பிக் கேட்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தால் வருகிறேன் என்றார் பொங்கியண்ணன், எழுதிக் கொடுத்தேன். என் பேருக்கு முன்னால் அவள் அடிக்கட்டும், அவள் பேருக்கு முன்னால் நான் அடிக்க மாட்டேன் என்று இரண்டு ஓரகத்திகள் சண்டை போட்டார்கள், ஒரே நேரத்தில் அடிக்க வைத்தேன். அங்காத்தாள் மட்டும் கேட்காமலே வந்தாள். "என்ர வூட்டுக்காரர் தட்டுடா அது, அதுல அவரு யாரு சோத்துலயும் மண்ணைப் போட்டதில்ல" என்று சொல்லிக்கொண்டே அடித்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள். ஒவ்வொரு பேருக்கும் சுவரில் ஒன்று வந்தது. இன்னொரு கீல், நாதாங்கி, நிலையின் ஒரு பக்கம், மறுபக்கம், வாசற்படி, பலகை பலகையாகக் கதவு. இருபத்து மூன்றாவது பேரை அடித்ததும் முழுக் கதவும் நின்றது.

தள்ளினோம். திறக்கவில்லை.

தாளைப் பார்த்தோம். இருபத்து மூன்று வீடு, இருபத்து மூன்று பேரும் அடித்தாயிற்று, வட்டத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது. பேர் இல்லை, வெறும் கிறுக்கல். நான் எண்ணினேன், பொங்கியண்ணன் எண்ணினார், இருபத்து நாலுதான். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். நான் போடும்போது ஏற்கெனவே ஒன்று இருந்தது, யாரோ துணிந்து போட்டுவிட்டார்கள் என்றுதான் நானும் போட்டேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். அப்படியானால் வெள்ளைத் தாளில் முதலில் உங்களில் ஒருவர் கிறுக்கியிருக்கிறீர்கள். எங்களுக்குத் துணிச்சல் வரட்டும் என்று கிறுக்கிவிட்டு, பிறகு நல்ல பிள்ளையாக வரிசையில் வந்து உங்கள் பேரையும் போட்டிருக்கிறீர்கள். அந்த ஒருவர் நீ.

"கதவுக்காரனே கிறுக்கியிருப்பான்" என்றார்கள். என் பேனாவால் அதை அடித்துக் காட்டினேன். நான் பார்க்கப் பார்க்க மை மேலே ஊறி வந்து, கிறுக்கல் பழையபடி நின்றது. பிளேடால் சுரண்டினேன், தாளில் அந்த இடத்தை மட்டும் கிழித்தேன், கிழித்த இடத்தில் கதவுப் பலகைமேல் கிறுக்கல் இருந்தது. பிறகு எல்லாரும் வந்து அடித்துப் பார்த்தார்கள். நீயும் வந்திருப்பாய், மற்றவர்கள் எதிரில் அடிப்பதுபோல் பேனாவை ஒரு நூல் தள்ளி இழுத்துவிட்டுப் போயிருப்பாய்.

கதவு வந்து நின்ற பிறகும் சுவர் நகர்வது நிற்கவில்லை. யாரும் இப்போது அடிப்பதில்லை, ஆனாலும் தினமும் ஒரு விரற்கடை உள்ளே போகிறது. அவளால் உட்கார முடியாது. முதுகு ஒரு சுவரிலும் மார்பு ஒரு சுவரிலும் படும்படி நின்றுகொண்டே தூங்குகிறாள். ஜன்னல் ஒரு தீப்பெட்டி அளவு. கோபர்த்தன் வேலையை விட்டுவிட்டு, அதில் குளுக்கோஸ் குழாயைச் செருகிக் கஞ்சித்தண்ணி விடுகிறான். நாலு நாள்முன்பு வரை அவள் உள்ளேயிருந்து ஜிலியைப் பேர்சொல்லிக் கூப்பிட்டாள். இப்போது மூச்சை மிச்சம் பிடிப்பதற்காகக் கூப்பிடுவதில்லை, நகத்தால் கதவைச் சுரண்டுகிறாள், அதைக் கேட்டு ஜிலி இந்தப் பக்கத்திலிருந்து சுரண்டுகிறது. பேக்கரியில் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போகிறார்கள். நேற்று ஒருவர், நல்ல கதவு, வீணாக நிற்கிறதே, என்ன விலை போகும் என்று என்னிடம் கேட்டார். அவர் பல்லில் ஒன்று இப்போது இல்லை.

உன்னோடு பேரம் கிடையாது. மானம் போய்விடும் என்று பயந்தால், மத்தியானம் ரெண்டு மணிக்கு வா, லைனில் ஒரு ஈ காக்காய் இருக்காது, நான் கடை ஷட்டரை இறக்கி உள்ளே திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன், கோபர்த்தனை ஏதாவது சொல்லி ஆஸ்பத்திரிப் பக்கம் அனுப்பிவைக்கிறேன். நீ யார் என்று நான் கேட்க மாட்டேன், சாகிறவரை கேட்க மாட்டேன். தாளுக்கு எதிரில் ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், மை இருக்கிறதா என்று காலையில்கூட எழுதிப் பார்த்தேன். அவளுக்கு இன்னும் மூன்று விரற்கடை இருக்கிறது. வா. உன் கையால் போட்டதை உன் கையால் அடித்துவிட்டுப் போ.